சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்: பதிவு வாரியங்களுக்கு ஒரு தாதியின் திறந்த மடல்

சிங்கப்பூரில் தொழில்முறைப் பதிவு வழங்கும் வாரியங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றை மேற்பார்க்கும் அமைச்சுகளின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

ஊரில் இருந்தவரை என்னைச் செவிலியர் என்று எழுதினார்கள். சிங்கப்பூர் வந்ததும் தாதி ஆனேன். பழந்தமிழில் செவிலி என்பவள் தலைவியை எடுத்து வளர்த்த தாய், வீட்டில் சொல் எடுபடும் இடத்தில் இருப்பவள். தாதி என்பவள் ஏவல் பணிப்பெண். இங்குள்ள தமிழ்ச் செய்திகளில் தாதி என்பது நெடுநாளாக மதிப்போடு புழங்கும் சொல் என்பதை வந்த சில மாதங்களில் புரிந்துகொண்டேன். இன்று அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் 2013ஆம் ஆண்டு சாங்கியில் வந்திறங்கிய எனக்கு அகராதிப் பொருள்தான் முதலில் பலித்தது.

நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். பிறகு திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து ஆண்டு. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களைக் கவனித்தவள், ஊரில் வாங்கிய பதிவு இங்கே செல்லாததால், ஒரு தாதிமை இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது. இந்த வேலையை நான் ஒருநாளும் கீழாக எண்ணியதில்லை. அசைய முடியாத ஒரு முதியவரை ஆறு மாதம் படுக்கைப் புண் வராமல் காப்பது எப்பேர்ப்பட்ட வித்தை என்பது செய்தவருக்குத்தான் தெரியும். என் மனத்தில் நிற்பது வேறொன்று. ஓர் இரவுப் பணியில், விடியற்காலை நான்கு மணிக்கு, தாழ்வாரத்தில் மூன்று பேர் உட்கார்ந்து மைலோ குடித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி மியன்மார், ஒருத்தி பிலிப்பீன்ஸ், நான் தமிழ்நாடு. பேச்சுவாக்கில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். எங்கள் மூவருக்கும் சேர்த்துப் பதிவுபெற்ற தாதியாக 17 ஆண்டு அனுபவம் இருந்தது. அந்த மாடியில் அந்த இரவு பதிவுபெற்ற தாதியாகப் பணியில் இருந்தவர் ஒரே ஒருவர். எங்களைவிட வயதில் இளையவர், நல்லவர், ஓடி ஓடி அலுத்துப் போயிருந்தார்.

இந்த மடல் எனக்காக எழுதுவதன்று. நான்காண்டு கழித்து வேறொரு நிறுவனம் எனக்காக விண்ணப்பித்தது. தேர்வு எழுதினேன், மேற்பார்வையில் பணியாற்றினேன், படிப்படியாக இன்று பதிவுபெற்ற தாதியாக இருக்கிறேன். எனக்குக் கிடைத்துவிட்டது. ஆற்றைக் கடந்தவள் கரையில் நின்று கத்துவதுபோல் இதை எழுதுகிறேன், நடுவில் நிற்பவர்களுக்குக் குரல் கொடுக்க நேரமில்லை என்பதால்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அதை நான் சொன்னால்தான் பொருந்தும்.

இந்தியாவில் குப்பியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு. அதற்கென்றே ஊசி உண்டு, மூடி சிவப்பு. சிங்கப்பூரில் இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு. ஊசியின் மூடி ஆரஞ்சு. நூறு அலகு மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 என்ற கோடு வரை இழுத்தால் நோயாளியின் உடம்பில் போவது 25 அலகு. இரண்டரை மடங்கு. சர்க்கரை தரைதட்டி, இரவோடு இரவாக ஒருவர் நினைவிழந்துவிடலாம். என் கை ஐந்தாண்டு சிவப்பு மூடிக்குப் பழகிய கை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவேன். அந்தப் பழக்கம்தான் இங்கே ஆபத்து.

அளவைகளும் அப்படியே. வந்த முதல் வாரம், சர்க்கரை பார்க்கும் கருவியின் திரையில் 7 என்று காட்டியது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஊரில் நாங்கள் டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று எண்ணுகிறவர்கள். அந்தக் கணக்கில் 7 என்றால் ஆள் பிழைப்பது அரிது. இங்கே மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் 126. பாட்டி நலமாக இருந்தார், பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சல் என்றால் நூற்றொன்று என்று ஃபாரன்ஹீட்டில் பேசிப் பழகிய வாய், 38.3 என்று மாறவேண்டும். ஆம்புலன்ஸ் என்றால் 108 என்று பதியும் விரல் 995ஐத் தேடவேண்டும். குரோசின், டோலோ என்று சொன்னவள் பனடோல் என்று சொல்லப் பழகவேண்டும்.

எனவே "எங்கள் ஊரில் வாங்கிய பதிவை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள், தேர்வே வேண்டாம்" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் கோரிக்கையில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடவும் மாட்டேன். தேர்வு வையுங்கள். கடுமையாகவே வையுங்கள்.

நான் கேட்பது, வேறுபடும் இடத்தில் சோதியுங்கள் என்பது மட்டும்தான். ஊசி மூடியின் நிறம் எங்கே மாறுகிறதோ அங்கே என்னை உலுக்கி எடுங்கள். நாடித் துடிப்பை எண்ணுவதும், படுக்கைப் புண்ணின் படிநிலையைக் கண்டறிவதும், மூச்சுத் திணறுபவரை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது என்பதும் மலேசியாவின் காஜாங்கிலும் எங்கள் காரைக்குடியிலும் இங்குள்ள காலாங்கிலும் ஒன்றுதான். ஒன்றாக இருப்பதை ஒன்றென்று ஒத்துக்கொள்ள ஏன் இத்தனை ஆண்டு?

இந்தக் கொள்கையை நான் கண்டுபிடிக்கவில்லை. சிங்கப்பூரே இன்னொரு துறையில் இதைப் பின்பற்றுகிறது. என் கணவர் தமிழ்நாட்டில் ஒரு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கார் ஓட்டுநர் உரிமம் வாங்கியவர். அது எப்படிப்பட்ட சோதனை என்பதைப் படிக்கும் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார, மைதானத்தில் ஒரு சுற்று. இங்கே வந்தபிறகு அந்த உரிமத்தைச் சிங்கப்பூர் உரிமமாக மாற்றிக்கொள்ள அவர் எழுதியது அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு. 50 கேள்வி, 45 சரியாக இருக்கவேண்டும். முடிந்தது. காரை ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. அங்கும் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், இங்கும் இடப்பக்கம். மாறுவது விதிகளும் பலகைகளும். ஆகவே விதிகளை மட்டும் கேட்டார்கள். கார் சாதுவான பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதுவும் ஆளைக் கொல்லும். என் கணவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்துதான் பல நாள் இதை யோசித்தேன். அவருடைய உரிமம் ஒரு மாதத்தில் கடல் கடந்தது. என்னுடையதற்கு நான்கு ஆண்டு.

சிங்கப்பூர் மட்டுமே கதவைச் சாத்துகிறது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இக்கரையில் பதிவுபெற்ற செவிலியர் அக்கரையில் வேலை பார்க்க வேண்டுமென்றால் தாய் மாநிலத்து மன்றத்திடம் தடையின்மைச் சான்று வாங்கி, அந்த மாநிலத்தில் மறுபடியும் பதியவேண்டும். ஒரே நாடு, ஒரே பாடத்திட்டம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணம். சொந்த நாட்டுக்குள்ளேயே இப்படி இருக்க, கடல் கடந்து வந்தவள் உங்களிடம் மட்டும் கோபிப்பது அழகன்று. அமெரிக்காவிலும் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் தனித்தனிதான். அதனால்தான் 2000ஆம் ஆண்டு தாதியருக்கென்று மாநிலங்களுக்கிடையே ஓர் உடன்படிக்கை தொடங்கியது. சேர்ந்த மாநிலங்கள் இன்று 40ஐத் தாண்டிவிட்டன, அவற்றில் ஒன்றில் வாங்கிய உரிமம் மற்றவற்றிலும் செல்லும். 2019இல் அரிசோனா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போய், பிற மாநில உரிமத்தோடு குடியேறுகிறவரைப் பெரும்பாலான தொழில்களில் ஏற்கச் சட்டம் செய்தது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998 முதல் ஒன்றின் பதிவை மற்றொன்று மதிக்கின்றன. மருத்துவர்களை மட்டும் அந்த ஏற்பாட்டில் சேர்க்கவில்லை. பாருங்கள், தாராளமாக இருப்பவர்களும் எங்கே கோடு போடுவது என்று யோசித்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

நமக்கு மாநிலங்கள் கிடையாது. நமக்கு அண்டை நாடுகள்தான் மாநிலங்கள். உட்லண்ட்ஸில் என் வீட்டிலிருந்து பார்த்தால் மலேசியாவின் ஜொகூர் பாரு நகர விளக்குகள் தெரிகின்றன. நடுவில் ஒரு கிலோமீட்டர்ப் பாலம். ஆசியான் நாடுகள் தாதியர் தகுதியைப் பரஸ்பரம் அங்கீகரிக்க 2006 டிசம்பரில் கையெழுத்திட்டன. மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் 2009இல். ஏட்டில் அழகான ஏற்பாடு. தொடர்ந்து மூன்றாண்டு தாதியாகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று, நியாயமானது. ஆனால் அந்தந்த நாட்டின் உள்நாட்டு விதிகளுக்கு உட்பட்டே என்ற ஒரு வரியும் அதில் இருக்கிறது, மற்ற வரிகளையெல்லாம் அந்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது. இந்தியாவோடு 2005இல் செய்த விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டின் தொடர்ச்சியாக 2018 ஜூன் 1ஆம் தேதி தாதிமைக்கான பரஸ்பர அங்கீகார உடன்பாடு கையெழுத்தானது. அன்று எங்கள் பணியாளர் அறையில் இனிப்பு வாங்கிக் கொடுத்தவள் நான்தான். அது இந்தியாவில் குறிப்பிட்ட சில பயிற்சி நிலையங்களைத் தொட்டுச் செல்லும் ஏற்பாடு என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போதே லட்டுவை எண்ணி வாங்கியிருக்கலாம்.

குறிப்பிட்ட சில நிலையங்களின் பட்டியல் என்றதும் மருத்துவர்களின் நிலை நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டு மருத்துவப் பட்டங்களில் இங்கே பதியத் தகுந்தவை என்று ஒரு பட்டியல் உண்டு. 2020இல் அது 160 கல்லூரிகளிலிருந்து 103 ஆகச் சுருங்கியது, 2025இல் 112 ஆனது. சட்டப் படிப்பிலும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையை 19இலிருந்து 11ஆகக் குறைத்தீர்கள். ஆகவே இது இந்தியருக்கு எதிரான சதி என்று புலம்புகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஆங்கிலேயரின் கல்லூரிகளும் அந்தக் கத்தரிக்குத் தப்பவில்லை. பட்டியல் முறையில் ஒரு நன்மையும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அதன் குறையும் அதிலேயே இருக்கிறது. பட்டியல் கட்டடத்தைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை. பட்டியலில் உள்ள கல்லூரியில் கடைசி மதிப்பெண்ணில் தேறியவர் உள்ளே வரலாம். பட்டியலில் இல்லாத கல்லூரியில் படித்து, இருபது ஆண்டு அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்த்தவர் வாசலில் நிற்பார். மருத்துவர்களின் கதையை மருத்துவர்கள் எழுதட்டும். இயன்முறை சிகிச்சையாளர்கள், பொறியாளர்கள், மின்பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாரியம், தனித்தனி நெடுங்கதை. எனக்குத் தெரிந்ததை மட்டும் நான் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: துரு.

ஊரில் பதிவுபெற்ற செவிலியர் ஒருத்தி இங்கே உதவியாளராக வருகிறாள். வீட்டுக் கடன், முகவருக்குக் கொடுத்த பணம், தம்பியின் படிப்பு. முதல் ஆண்டு கடனை அடைக்கிறாள். இரண்டாம் ஆண்டு கொஞ்சம் மூச்சு விடுகிறாள். மூன்றாம் ஆண்டு பதிவுக்கு விண்ணப்பிக்கலாமா என்று நினைக்கிறாள். விண்ணப்பம் வேலை தரும் நிறுவனத்தின் வழியாகப் போகவேண்டும். என் முதல் நிறுவனம் எனக்காக விண்ணப்பிக்க முன்வரவில்லை. காரணம் சொல்லவில்லை, ஊகிப்பது கடினமுமில்லை: தீவிர சிகிச்சைப் பிரிவுக் கண்ணோடு டயப்பர் மாற்றும் உதவியாளர், உதவியாளர் சம்பளத்தில் கிடைத்தால் யார் விடுவார்கள்? இதற்கிடையில் ஊரிலிருந்து பணி அனுபவச் சான்று வரவேண்டும். நான் வேலை பார்த்த மருத்துவமனை கைமாறிவிட்டது. பழைய பணியாளர் ஏடுகள் எந்த அறையில் இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லை. என் அப்பா மூன்று முறை பஸ் ஏறிப் போய் அங்கே காத்திருந்துவிட்டு வந்தார். இப்படியே நாள் ஓடுகிறது. எல்லாத் தாளும் கைக்கு வந்துசேரும் நேரத்தில் கேள்வி மாறிவிடுகிறது: கடைசியாகத் தாதியாகப் பணியாற்றியது எப்போது?

நேர்மையான பதில், பல ஆண்டு ஆயிற்று என்பதுதான். ஏனென்றால் இங்கே உதவியாளராகக் கழித்த ஆண்டுகள் தாதிப் பணியில் சேரா. அண்மைக் கால அனுபவம் இல்லாத தாதியை நானும் என் வார்டில் தனியாக விடமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த அனுபவம் ஏன் இல்லாமல் போயிற்று? அவளைச் சும்மா உட்கார வைத்தோமா? உங்கள் கண்முன், உங்கள் பதிவுபெற்ற தாதியரின் மேற்பார்வையில், உங்கள் மூத்த குடிமக்களின் படுக்கையோரத்தில்தானே இருந்தாள்? கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி எதற்கு? திருச்சியில் அவள் என்ன செய்தாள் என்று அறிய இல்லாத ஏடுகளைத் தேடச் சொல்கிறீர்கள். இங்கே ஈசூனில் நேற்று இரவு அவள் என்ன செய்தாள் என்று கேட்பதில்லை.

நேற்று இரவு என்றது ஒரு பேச்சுக்கு. ஆனால் ஓர் இரவைச் சொல்லவேண்டும்.

அந்த இல்லத்தில் ஒரு தமிழ்ப் பாட்டி இருந்தார். மறதி நோய். ஒரு காலத்தில் மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் சரளமாகப் பேசியவராம். நோய் முற்ற முற்றப் பிறகு கற்ற மொழிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, தாய்மொழி மட்டும் அடியில் தங்கிவிட்டது. இது இந்த நோயில் அடிக்கடி காண்பது. எப்போதும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருப்பார். என்னைத் திட்டுவதென்றால் தனி உற்சாகம். ஒருநாள் அதிகாலை "கை மதமதவென்று இருக்கிறதடி" என்றார். தமிழில் உடம்பைப் பற்றிச் சொல்ல எத்தனை சொற்கள் பாருங்கள்: கிறுகிறுப்பு வேறு, படபடப்பு வேறு, நெஞ்சு கரிப்பது வேறு, நெஞ்சை அடைப்பது வேறு. மதமதப்பு என்றால் மரத்துப்போவது. கைவலி என்று மொழிபெயர்த்தால் களிம்பு தடவிவிட்டுப் போய்விடுவார்கள். நான் பாட்டியின் முகத்தைப் பார்த்தேன், சிரிக்கச் சொன்னேன், திட்டினார். திட்டும்போதே வாயின் ஓரம் ஒருபக்கம் இறங்கியது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். இடக்கை தாழ்ந்தது. பணியிலிருந்த தாதியிடம் ஓடிப்போய், நேரத்தையும் குறித்துச் சொன்னேன். அவர் ஒரு நொடி தாமதிக்கவில்லை, 995ஐ அழைத்தார். மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் வாய்ப்பு என்பது படித்தவர்களுக்குத் தெரியும். பாட்டி நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். சில வாரங்களில் மறுபடியும் என்னைத் திட்டும் அளவுக்குத் தேறி வந்தார்.

அன்றைய குறிப்பில் என் மதிப்பீடு இல்லை. இருக்கவும் கூடாது, உதவியாளர் மதிப்பீடு எழுதக்கூடாது என்பது சரியான விதி. அந்தத் தாதி தன் பெயரில் எழுதினார், எனக்கு நன்றி சொன்னார். நான் கேட்பது, அப்படிப்பட்ட இரவுகளை அந்தத் தாதி தனியே ஒரு பணிப்பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட ஏன் ஒரு வழி இருக்கக்கூடாது என்பதுதான். ஊரில் பதிவுபெற்றவராக வந்து இங்கே உதவியாளராக இருப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவேடு. மேற்பார்வையாளர் நேரில் கண்டதை மட்டும் எழுதட்டும். மூன்றாண்டு கழித்து அது உங்கள் மேசைக்கு வரட்டும். அதைக் கொண்டு உடனே பதிவு தரச் சொல்லவில்லை. அண்மை அனுபவம் என்ற அந்த ஒரு கேள்விக்கு அதை ஒரு பதிலாக ஏற்று, தேர்வு எழுத அனுமதியுங்கள்.

2024இல் ஏஞ்சல் என்ற திட்டத்தை அறிவித்தீர்கள். பொதுச் சுகாதாரத் துறையில் நீண்டகாலம் தங்கும் தாதியருக்கு 20 ஆண்டில் 100,000 வெள்ளி வரை. வெளிநாட்டுத் தாதியரையும் அதில் சேர்த்தீர்கள், நான்காண்டு பணிக்குப் பிறகு. மனமார்ந்த நன்றி. ஆனால் அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, விசுவாசத்தை அளக்க இங்கே செய்த பணி ஆண்டுகளை எண்ணத் தெரிந்தவர்கள் திறமையை அளக்கவும் அவற்றை எண்ணலாமே என்று.

எண்ணவேண்டிய கட்டாயமும் நெருங்கிவிட்டது. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராக இருப்பார். 58,000ஆக இருந்த தாதியர், துணைச் சுகாதார நிபுணர், பராமரிப்புப் பணியாளர் எண்ணிக்கை அதற்குள் 82,000ஆக உயரவேண்டும் என்று அமைச்சே சொல்லியிருக்கிறது. 2021இல் பணியை விட்டு விலகிய வெளிநாட்டுத் தாதியர் 14.8 விழுக்காடு; உள்ளூர்த் தாதியரில் 7.4. சரியாக இரட்டிப்பு. போனவர்களில் என் தோழிகளும் உண்டு. அந்த மியன்மார்க்காரி இப்போது பிரிட்டனில் பதிவுபெற்ற தாதி. அவளை உருவாக்கியது சிங்கப்பூரின் இரவுப் பணிகள். பலன் பிரிட்டனுக்கு.

போலிச் சான்றிதழ் பயம் உங்களுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. ஊரில் நோயாளியே இல்லாத மருத்துவமனையைக் காட்டி நடக்கும் நர்சிங் கல்லூரிகளை நான் அறிவேன். வருகைப் பதிவேட்டில் மட்டும் வார்டுக்குப் போன மாணவிகளையும் அறிவேன். அவர்களால்தான் ஒழுங்காகப் படித்தவளின் தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறீர்கள். வேலை அனுமதிக்குப் பொய்த் தகவல் தந்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. அதை இரக்கமில்லாமல் செலுத்துங்கள், எங்கள் ஆதரவு உண்டு. ஆனால் சரிபார்ப்பை ஒருமுறை செய்யுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதிக்கு 2023 செப்டம்பர் முதல் கல்வித் தகுதியை மூன்றாம் தரப்பு நிறுவனம் சரிபார்க்கவேண்டும் என்ற முறை வந்துவிட்டது. அதே ஏற்பாட்டை வாரியங்களுக்கும் பொதுவாக்கி, ஒரு தாளை ஓர் அலுவலகம் சரிபார்த்தால் மற்ற அலுவலகங்களும் ஏற்றுக்கொள்ளும்படி செய்தால், யாருடைய அப்பாவும் மூன்று முறை பஸ் ஏறவேண்டியதில்லை.

இன்னும் இரண்டு விண்ணப்பங்கள் உண்டு. தகுதியை மதிப்பிடும் கட்டத்தையாவது முதலாளியின் கையிலிருந்து விடுவியுங்கள். உரிமம் வேலை கிடைத்த பிறகு வரட்டும், அதில் தகராறில்லை. ஆனால் "உனக்கு இது இருக்கிறது, இது குறைகிறது" என்று தெரிந்துகொள்ளும் உரிமை விண்ணப்பிக்கும் ஆளுக்கு நேரடியாக இருக்கட்டும். கட்டணத்தை நாங்களே கட்டுகிறோம். அடுத்து, அந்தக் குறையை எழுத்தில் சொல்லுங்கள். மனநலப் பிரிவில் 200 மணி நேரம் குறைகிறது என்றால் 200 மணி நேரம் என்று எழுதுங்கள். எங்கள் பெண்கள் அதைத் தேடிப்போய்ச் செய்துவிடுவார்கள். எதை நிரப்பவேண்டும் என்று தெரியாத குடத்தைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

இவ்வளவும் செய்தால் உள்ளூர்த் தாதியரின் வாய்ப்பு போய்விடாதா என்று ஒரு சிங்கப்பூர்த் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. அன்று தாழ்வாரத்தில் ஓடி ஓடி அலுத்த அந்த ஒற்றைத் தாதி உள்ளூர்க்காரர்தான். பக்கத்தில் இன்னொரு பதிவுபெற்றவர் இருந்திருந்தால் அவருக்குச் சாப்பிட நேரம் கிடைத்திருக்கும். அவர் இப்போது தாதிப் பணியையே விட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 1ஆம் தேதியைத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். 1885இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகள் இங்குள்ள பொது மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனிக்கத் தொடங்கிய நாள் அது. கேக் வெட்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கப்பலிலிருந்து இறங்கிய அந்தப் பெண்களிடம் யாரும் தடையின்மைச் சான்று கேட்டிருக்கமாட்டார்கள்.

விடுமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல் மேசையைச் சுற்றி, ஆறேழு பேர் உட்கார்ந்து படிக்கிறோம். நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது பேருக்கு; பாதி நேரம் தேக்காவிலிருந்து வாங்கி வந்த வடையைப் பங்குபோடுவதில் போய்விடும். புதுக்கோட்டைப் பெண் ஒருத்தி வருகிறாள். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்காண்டு இருந்தவள், இப்போது ஒரு தாதிமை இல்லத்தில் உதவியாளர். 18ஆம் வாய்ப்பாட்டை எழுதித் தன் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறாளாம், மில்லிமோலை மனத்திலேயே மாற்றிப் பார்க்க. ஊரில் கடைசியாகத் தாதிப் பணி பார்த்து இரண்டு ஆண்டு நான்கு மாதம் ஆகிறது, எண்ணிக்கொண்டே இருக்கிறாள். வருகிற ஞாயிறு இன்சுலின் பாடம். சிவப்பு மூடி ஊசி இங்கே காட்டுவதற்குக்கூடக் கிடைக்கவில்லை. காகிதத்தில் சிவப்புப் பேனாவால் வரைந்துதான் காட்டப்போகிறேன்.

இப்படிக்கு,
பதிவுபெற்ற தாதி ஒருத்தி,
உட்லண்ட்ஸ்